சோதனையன்று வைத்த நேர்த்தி

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு வணக்கம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். வயது இருபத்தேழு. சிரிக்கவேண்டாம். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் திட்டம் போட்டுக்கொடுக்கும் வேலையை, அதுவும் தீவுப்பகுதியில், ஓர் ஆண்டு செய்து பாருங்கள். நீங்களே ஓய்வூதியம் கேட்டு மனுப் போடுவீர்கள். எனக்கு ஓய்வூதியம் கிடைக்கவில்லை. அறிவுரை மட்டும் நிறைய மிஞ்சியிருக்கிறது. ஓய்வு பெற்ற எல்லோரையும் போல அதைக் கேட்காதவர்களுக்கு வழங்கிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் நிலையம் ஊர்காவற்றுறையில், துறைக்குப் போகிற வீதியில், ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் இருந்தது. பட்டம் முடித்து, உத்தியோகம் பார்த்துக்கொண்டு, இன்னும் ஒரு படி ஏறலாம் என்று நினைக்கிறவர்கள் வருவார்கள். கணக்கும் ஆங்கிலமும் படிப்பிக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். என்னுடைய வேலை திட்டம். யார், என்றைக்கு, எதைப் படிப்பது என்று கட்டம் போட்டு, அந்தக் கட்டத்துக்கு நிறம் தீட்டிக் கொடுப்பது. பதவியின் பெயர் ‘கற்றல் திட்டமிடல் இணைப்பாளர்’. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பஸ் ஏறிப் போய்விடுவார்.

பணிப்பாளர் கொழும்பில் படித்தவர். ‘தீவு மக்களிடம் இல்லாதது அறிவல்ல, திட்டம்’ என்று வாசலில் பெரிய பலகை எழுதி மாட்டியிருந்தார். தீவில் பிறந்து தீவில் வளர்ந்த நான் தினமும் அதன் கீழால் நடந்துதான் வேலைக்குப் போனேன்.

திட்டம் என்றால் அவருக்கு என்ன என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். நெடுந்தீவிலிருந்து ஓர் அண்ணை வகுப்புக்கு வருவார். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. அவர் படகில் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் பணிப்பாளரின் முகம் மலர்ந்துவிட்டது. “சும்மா போற நேரம்! அதில ஆங்கில வாசிப்பைப் போடும்” என்றார். போட்டேன். மஞ்சள் நிறம். அடுத்த கிழமை அந்த அண்ணை ஒரு பிளாஸ்டிக் பையில் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கழுவியிருந்தார்.

“தங்கச்சி, கடல்ல நான் வாயைத் திறக்கிறது ஒண்டுக்குத்தான். அண்டைக்கு வாந்தியைப் பிடிக்கிறதுக்கு உம்மட புத்தகம்தான் கையில கிடந்தது” என்றார்.

இதில் நான் பாடம் படித்திருப்பேன் என்று நினைப்பீர்கள். பணிப்பாளர் நிறத்தை மாற்றச் சொன்னார். மாற்றினேன்.

இனிச் சொல்லவந்த கதைக்கு வருகிறேன்.

சுபாங்கி அக்காவின் வீடு புங்குடுதீவில். ஊர்காவற்றுறையில் ஓர் அரச அலுவலகத்தில் உத்தியோகத்தர். அவருடைய திணைக்களம் தன் ஆட்களை எம்.பி.ஏ. படிக்க அனுப்பும். அதற்கு வயதெல்லை உண்டு. அவருக்கு இதுதான் கடைசி வருடம். இதற்கு முன் இரண்டு தடவை விண்ணப்பித்தும் நுழைவுச் சோதனைக்குப் போகவில்லை. முதல் தடவை அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை. இரண்டாம் தடவை தம்பியின் கலியாணம். இரண்டு தடவையும் வீட்டில் ஒருவரும் அவரைப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. “நீ போனா இங்க ஆர் நிக்கிறது?” என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

“இந்த முறையும் விட்டன் எண்டால் ஓய்வு பெறுமட்டும் அதே கதிரைதான். அதின்ர கால் உடைஞ்சால் கதிரையை மட்டும் மாத்துவினம்” என்று முதல் நாளே சொன்னார்.

சோதனை ஆவணிக் கடைசி ஞாயிறு, யாழ்ப்பாண நகரத்தில். நிலையத்தின் வழமைப்படி அந்த மாதம் முழுவதும் லீவு எடுக்கச் சொன்னோம். காலையில் கணக்கு, மத்தியானம் தர்க்கம், பின்னேரம் ஆங்கிலம். அந்த நேரசூசியைப் பார்த்தால் நீங்களே வேலையை விட்டுவிட்டுப் படிக்கத் தொடங்குவீர்கள். அவ்வளவு அழகு.

வெளியூர்க்காரர் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காக ஒரு விளக்கம். ஆவணியில் தீவுகளுக்குச் சனம் வரும். வருடம் முழுக்கப் பூட்டிக்கிடக்கிற வீடுகளின் யன்னல்கள் திறக்கும். கனடா, லண்டன், பாரிஸ் எல்லாம் அரைக் காற்சட்டையோடு விறாந்தையில் இருந்து பிளேன்ரீ குடிக்கும். அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் லீவில் நிற்கிறார் என்றால் அவர் ஊர்ச் சொத்து. “படிக்க லீவு எடுத்தனான்” என்று சொன்னால் எங்கள் வீடுகளில் ‘லீவு’ மட்டும்தான் காதில் விழும். சுபாங்கி அக்காவின் மாமாவும் மாமியும் ரொரன்ரோவிலிருந்து வந்து இறங்கியதும் அம்மா சொன்னாராம்: “பாருங்கோவன் அம்மன்ர செயலை. நீங்கள் வாற நேரம் பாத்து இவளுக்கும் லீவு.”

முதல் கிழமை தொலைபேசியில் முன்னேற்ற அறிக்கை கேட்டேன்.

“அக்கா, இண்டைக்கு எதில நிக்கிறியள்?”

“நெடுந்தீவில.”

“இல்லை அக்கா, பாடத்தில.”

“மாமாவுக்கு இந்தத் தீவுக் காட்டுக் குதிரையளைக் காட்ட வந்தனான். நேற்று காரைநகர்க் கடற்கரை. முந்தநாள் நயினாதீவு. நாளைக்கு மாமியின்ர சிநேகிதி வீடு.”

“நிகழ்தகவு எண்டு ஒண்டு போட்டிருந்தனே?”

“குதிரை உதைக்கிற நிகழ்தகவைத்தான் இப்ப பாத்துக்கொண்டு நிக்கிறன். போனை வையும், மாமா படம் எடுக்கக் கூப்பிடுறார்.”

பணிப்பாளரிடம் போனேன். அவர் வெண்பலகையில் நான்கு பெட்டி கீறி, பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று எழுதிவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். அச்சுறுத்தலில் ‘மாமா’ என்று எழுதினேன். மற்ற மூன்று பெட்டியையும் அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு புங்குடுதீவுக்குக் கிளம்பினேன்.

மாமா விறாந்தையில் இருந்தார். ரொரன்ரோவில் ஒரு பெரிய களஞ்சியத்தில் மேற்பார்வையாளராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. கிணற்றடியில் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு இருந்த இடத்திலிருந்தே கட்டளை போய்க்கொண்டிருந்தது. என் நேரசூசியை வாங்கிக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

“இதென்ன பிள்ளை, கலியாண வீட்டுச் சாறிக் கடை மாதிரி இத்தனை நிறம்?”

“அக்காவின்ர படிப்புத் திட்டம், மாமா.”

“அவள் படிக்கட்டும். ஆர் வேண்டாமெண்டது? நாங்கள் எந்த நாளும் கேக்கிறனாங்கள், படிச்சு முடிஞ்சுதோ, வெளிக்கிடுவமோ எண்டு.”

உள்ளே குசினியிலிருந்து சுபாங்கி அக்கா என்னைப் பார்த்தார். கையில் வடைக்கு அரைத்த மா.

இந்த இடத்தில்தான் தொழில் இருக்கிறது, தம்பி தங்கைகளே. நிலையத்தின் கைநூலில் ‘குடும்பத்தினருக்குக் கல்வியின் முக்கியத்துவத்தை எடுத்துரைத்தல்’ என்று ஒரு பக்கம் இருந்தது. அதை எடுத்துரைத்திருந்தால் மாமா எனக்குக் கனடாவின் கல்வி முறையை எடுத்துரைத்திருப்பார். இருட்டுகிற வரைக்கும். நான் அவருடைய கையைப் பார்த்தேன். சும்மா இருக்கிற கையல்ல அது. கதிரைச் சட்டத்தில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

“மாமா, உங்களிட்ட ஒரு உதவி கேட்டு வந்தனான். மாதிரிச் சோதனை வைக்கவேணும். மேற்பார்வைக்கு அனுபவமுள்ள ஆள் தீவுப்பகுதியிலேயே இல்லை.”

விரல் நின்றது.

“எத்தினை பேருக்கு மேற்பார்வை?”

“ஒரு ஆளுக்கு.”

“நான் நூற்றைம்பது பேரைப் பாத்தனான், பிள்ளை.”

“அதாலதான் மாமா உங்களிட்ட வந்தனான்.”

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் இராணுவ ஆட்சி. காலையில் கேற் பூட்டு. விறாந்தையில் மாமா. மடியில் மணிக்கூடு. உள்ளே மேசையில் சுபாங்கி அக்கா. மாமியைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கேற்றடியில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தேங்காய் துருவும் சத்தத்துக்கும் தடை. ஒருநாள் நான் போனபோது மாமா என்னையும் உள்ளே விடவில்லை.

“உள்ள சோதனை நடக்குது.”

“மாமா, நான்தானே சோதனை வைக்கச் சொன்னனான்!”

“ஆராயிருந்தாலும் மணி அடிச்சாப் பிறகு.”

மதில் ஓரமாக நின்று வெயில் காய்ந்தேன். சந்தோஷமாக இருந்தது. யன்னலால் சுபாங்கி அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்ததும், “வெளியில பாக்கக்கூடாது!” என்று விறாந்தையிலிருந்து அதட்டல் வந்தது. மாதிரிச் சோதனைப் புள்ளிகள் ஏறத்தொடங்கின. பணிப்பாளர் வெண்பலகையில் ‘மாமா’வை அச்சுறுத்தலில் இருந்து அழித்து வாய்ப்பில் எழுதினார். அதைத் தானே கண்டுபிடித்தது போல ஒரு முகம்.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்கு இதைச் சொல்லவேண்டிய தேவை இல்லை. மாமாவுக்கு வேலை கொடுத்த நாங்கள் மாமிக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. மாமி சும்மா இருப்பாரா? தனக்கு ஒரு வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். பிள்ளை சோதனை பாஸ் பண்ணவேண்டும் என்று நயினாதீவு அம்மனுக்கு நேர்த்திக்கடன் வைத்தார். பொங்கல், மடத்தில் அன்னதானம், எல்லாம். அதுவும் பிள்ளையை அம்மன் வாசலில் கொண்டுவந்து நிறுத்திப் பொங்குகிறேன் என்று நேர்த்தி. நாள் எதுவென்று நினைக்கிறீர்கள்? சோதனையன்று. பிள்ளை எழுதுகிற நேரத்தில் பொங்கல் பொங்கினால்தானே பலன் அதிகம்!

சோதனைக்கு முந்திய கிழமைதான் விஷயம் வெளியே வந்தது. சுபாங்கி அக்கா தொலைபேசியில் சொன்னார்.

“சோதனை பாஸ் பண்ண நேர்த்தி வைச்சிருக்கினம். நேர்த்திக்குப் போனால் சோதனைக்குப் போக ஏலாது. இதுக்கு உம்மட தர்க்கப் பாடத்தில என்ன விடை?”

“நாளை மாத்தச் சொல்லுங்கோ அக்கா.”

“மடத்துக்கு அரிசி, மரக்கறி எல்லாம் குடுத்தாச்சாம். கேட்ட உடன மாமி அழத் தொடங்கிட்டா. ‘உனக்காகத்தானே கடல் கடந்து வந்து செய்யிறன்’ எண்டு.”

வீட்டில் கூடிப் பேசி, எல்லா வீடுகளையும் போல ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்கள். அன்னதானம் ஞாயிற்றுக்கிழமையே நடக்கட்டும். பிள்ளை சனிக்கிழமையே மாமியோடு நயினாதீவுக்குப் போய், பின்னேரப் பூசைக்கு வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு, கடைசிப் படகில் திரும்பி வரட்டும். மறுநாள் காலை யாழ்ப்பாணம் போகட்டும். அம்மனுக்கும் திருப்தி, திணைக்களத்துக்கும் திருப்தி. எல்லோரும் சரி என்றார்கள். சோளகக் காற்றை மட்டும் ஒருவரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. அந்தக் கிழமை அது நன்றாக எழும்பியிருந்தது. இரண்டு நாள் பின்னேரப் படகு ஓடவில்லை.

இதைப் பணிப்பாளரிடம் சொன்னேன். “குடும்ப விடயங்களில தலையிடாதேயும். எங்கட பொறுப்பு பாடத்திட்டம் மட்டும்தான்” என்றார். அவருடைய அனுபவத்தில் மாணவர்களுக்குக் குடும்பமே இருந்ததில்லைப் போலும். சனிக்கிழமை காலை நான், நயினாதீவுப் படகு புறப்படும் குறிகட்டுவானுக்குப் போனேன்.

துறையில் சனம். காற்றில் சேலைகள் படபடத்தன. மாமி பட்டுச் சேலையோடு, கையில் பூத்தட்டு. அம்மா தேங்காய்ப் பையோடு. மாமா, வந்திறங்கிய வானுக்குப் பக்கத்தில். சுபாங்கி அக்கா நடுவில் நின்றார். படகு அணைந்து நின்று ஏறியும் இறங்கியும் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள்.

என்னைக் கண்டதும் மாமா, “வாரும் பிள்ளை, நீர் சொல்லும்” என்றார். “போய்ப் பின்னேரம் திரும்பி வரலாமோ, ஏலாதோ?”

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் நாக்கில் ஒரு முழுப் பிரசங்கம் இருந்தது. கடைசி வருடம், கதிரை, இரண்டு தடவை விட்டது, எல்லாம். அதைச் சொல்லியிருந்தால் மாமி என்னோடு சண்டை பிடித்திருப்பார். சண்டை எனக்கும் மாமிக்கும் என்று ஆகியிருக்கும். சுபாங்கி அக்கா வழக்கம்போல இரண்டு பேரையும் சமாதானப்படுத்த, படகில் ஏறியிருப்பார்.

“இப்ப போற படகு போகும். பின்னேரம் வாற படகு வருமோ எண்டு ஒருதருக்கும் தெரியாது” என்று மட்டும் சொன்னேன். பிறகு வாயை மூடினேன். என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய சாதனை என்று.

மாமி அக்காவின் கையைப் பிடித்தார். “வா பிள்ளை. அம்மன் கொண்டுபோய்க் கொண்டுவந்து விடுவா.”

சுபாங்கி அக்கா நகரவில்லை.

“மாமி, நான் ஏறேல்ல.”

“என்ன?”

“நான் வரேல்ல மாமி. நீங்கள் போட்டு வாங்கோ.”

“அம்மனுக்குச் சொன்ன வார்த்தையடி!”

“நீங்கள் சொன்னது மாமி. என்னை ஒருதரும் கேக்கேல்ல.” அக்கா நிறுத்தவில்லை. “அம்மாவுக்கு ஒப்பரேசன் எண்டு நிண்டனான். தம்பியின்ர கலியாணம் எண்டு நிண்டனான். இந்த முறை ஏலாது.”

“அம்மன் கோவிப்பா, பிள்ளை.”

“நாளைக்குச் சோதனை முடிய நேர வந்து அவவிட்ட மன்னிப்புக் கேக்கிறன். அவ மன்னிப்பா. திணைக்களம் மன்னிக்காது.”

மாமியின் கை அக்காவின் கையை விட்டது. அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். படகுக்காரர், “அம்மா, ஏறுறதெண்டா ஏறுங்கோ, கயிறு கழட்டப்போறம்!” என்று கத்தினார். மாமி திரும்பிப் பார்க்காமல் ஏறினார். அம்மா மகளைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், பிறகு தேங்காய்ப் பையோடு மாமியின் பின்னால் ஏறினார். மாமா அசையவில்லை. படகு விலகியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரி, வானில ஏறுங்கோ. நேர யாழ்ப்பாணம். இரவைக்கு அங்க நிண்டால்தான் காலமை பதற்றமில்லை” என்றார்.

சுபாங்கி அக்கா கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுவார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன்.

“எனக்குச் சரியாப் பசிக்குது” என்றார். “காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்ல.”

அன்று பின்னேரம் படகு ஓடவில்லை. மாமியும் அம்மாவும் மடத்திலேயே தங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே பொங்கல் பொங்கியது, இங்கே சோதனை நடந்தது. காற்றுத் தணிந்து திங்கட்கிழமை மாமி கரைக்கு வந்தபோது முகத்தில் கோபம் இல்லை. ஒளி இருந்தது.

“கண்டியளோ? அம்மன்தான் பிள்ளையின்ர காலைப் பிடிச்சு நிப்பாட்டினவ! என்னோட வந்திருந்தால் அவளும் அங்கதானே கிடந்திருப்பாள்!” என்றார். பஸ் புங்குடுதீவைக் கடப்பதற்குள் அந்த அற்புதம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

சுபாங்கி அக்காவுக்கு இடம் கிடைத்தது. பணிப்பாளர் அவருடைய படத்தைப் போட்டு, ‘எமது திட்டத்தின் வெற்றி’ என்று பெரிய பதாகை கட்டினார். என்னுடைய நிறக்கட்டங்களைப் பிரதி எடுத்து எல்லா மாணவர்களுக்கும் கொடுத்தார். ‘மாதிரிச் சோதனை, மேற்பார்வை: மாமா’ என்ற வரியையும் சேர்த்துத்தான். நெடுந்தீவு அண்ணை, “எனக்கு மாமா இல்லை தங்கச்சி, பெரியப்பா சரிவருமோ?” என்று கேட்டு வந்தார். ரொரன்ரோவிலிருந்து மாமா தொலைபேசியில் ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் தன் மேற்பார்வை முறையை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாராம்.

பாராட்டு விழா வைத்தோம். சுபாங்கி அக்கா மேடையில் பேசினார். நயினாதீவு அம்மனுக்கும், நேர்த்தி வைத்த மாமிக்கும் நன்றி. இரவு பகல் பாராமல் மேற்பார்வை செய்த மாமாவுக்கு நன்றி. சிறந்த திட்டத்தைத் தந்த பணிப்பாளருக்கு நன்றி. கைதட்டல். பின்வரிசையில் நானும் தட்டினேன், கொஞ்சம் மெதுவாக.

தேநீர் நேரத்தில் அவரைப் பிடித்தேன்.

“ஏன் அக்கா உங்கட பேரை நீங்கள் சொல்லேல்ல? படகில ஏறாமல் நிண்டது அம்மனோ, மாமாவோ, பணிப்பாளரோ?”

“நான்தான் நிண்டன் எண்டு சொன்னால் மாமிக்கு அது ஆயுசுக்கும் காயம். அம்மன் நிப்பாட்டினவ எண்டால் எல்லாரும் வீட்டுக்கு வந்து போவினம். எனக்கு அவையள் எல்லாரும் இன்னும் வேணும்.”

முகாமைத்துவம் படிக்க இவர் எதற்குப் போகிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டேன்.

“சரி, என்ர பேர்? நான் வெயிலுக்க மதிலோட நிண்டனான், குறிகட்டுவானுக்கு ஓடிவந்தனான்.”

சுபாங்கி அக்கா வடையைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“உமக்கு என்னத்துக்கு நன்றி? நீர் உம்மட வேலையைத்தானே செய்தனீர்.”

கோபம் வரப்பார்த்தது. வரவில்லை. தீவுப்பகுதி முழுவதிலும் அதுவரை எல்லோரும் நான் பென்சிலால் நிறம் தீட்டுகிற பிள்ளை என்றுதான் நினைத்திருந்தார்கள். எனக்கும் அப்படித்தான் ஒரு சந்தேகம். நான் செய்ததும் ஒரு வேலை என்று முதன்முதலாகச் சொன்னவர் அவர்தான்.